ரைல்ஸ் போட முதல் கிணற்றைப் பாருங்கள்: வன்னி வீடுகளை நோயில்லாமல் வைத்திருக்க ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கையின் வடக்கே வன்னியில், எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் கொஞ்சம் காசு சேர்ந்தால் முதலில் வருவது முன் கேற். அடுத்தது விறாந்தைக்கு ரைல்ஸ். அப்புறம் பெயின்ற். கிணற்றுக்குக் கட்டு எப்போது என்று கேட்டால், "பாப்பம், அடுத்த போகம் முடியட்டும்" என்பார்கள். குறை சொல்லவில்லை, நாங்களும் அப்படித்தான் செய்தோம். 2013இல் எங்கள் வீடு எழும்பியது. போருக்குப் பிறகு இந்திய அரசின் உதவியில் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், 550 சதுர அடி. கூடாரத்திலும் தகரக் கொட்டிலிலும் இருந்து வந்த சனத்துக்கு அதுவே மாளிகை. அந்த மாளிகைக்குள் வந்த முதல் மாரியில் பிள்ளைகள் இருவருக்கும் மாறிமாறி வயிற்றோட்டம், அம்மாவுக்குத் தொய்வு என்கிற மூச்சிழுப்பு. வீடு புதிது, நோய் பழையது.

அதற்குப் பிறகு செய்து, பிழைவிட்டு, திருத்தியதைத்தான் இங்கே எழுதுகிறேன். எதை முதலில் செய்வது என்பதுதான் பெரிய விஷயம். என் கணக்கில் அது தண்ணீர், புகை, நெல்லும் மருந்தும், கூரை, நுளம்பு, படுக்கை என்று வரும். இவற்றில் பாதிக்குக் காசே தேவையில்லை, மண்வெட்டி போதும்.

தொடங்க முதல் ஒரு மழை நாளில் குடையைப் பிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி ஒருமுறை நடவுங்கள். வெயில் நாளில் நடந்தால் ஒன்றும் தெரியாது. மழைத்தண்ணீர் எங்கிருந்து வந்து எங்கே போகிறது, எங்கே தேங்குகிறது, மலசலகூடக் கிடங்குப் பக்கத்து வெள்ளம் கிணற்றை நோக்கி ஓடுகிறதா என்பதை ஒரு கொப்பித்தாளில் கீறி வையுங்கள். மேலே போகப்போக அந்தத் தாள் உதவும்.

தண்ணீர்

கிணற்றுக்கும் மலசலகூடக் கிடங்குக்கும் இடையில் குறைந்தது 50 அடி, அதாவது 15 மீற்றர், இருக்க வேண்டும். கிடங்கு கிணற்றைவிடப் பள்ளமான பக்கத்தில் இருப்பதும் அதே அளவு முக்கியம். எங்கள் மேசன் அண்ணை, "குழாய் மிச்சம் பிடிக்கலாம் தம்பி" என்று சொல்லி 30 அடியில் கிடங்கு வெட்டினார். நானும் தலையாட்டினேன். கோடையில் பிரச்சினை தெரியவில்லை. கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலே வந்து, கிணற்றில் கையால் தண்ணீர் அள்ளலாம் என்ற நிலை வரும்போது கிடங்கும் கிணறும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றன. பிள்ளைகளின் வயிற்றோட்டத்துக்குக் காரணம் தேட வேறெங்கும் போகத் தேவையில்லை. கடைசியில் புதுக் கிடங்கு வெட்டினோம். மிச்சம் பிடித்த குழாய்க் காசைவிடப் பல மடங்கு செலவு.

கிணற்றுக்கு மூன்றடி உயரக் கட்டு வேண்டும். கட்டைச் சுற்றி நாலைந்து அடி அகலத்துக்குச் சீமெந்துத் தளம், வெளிப்பக்கமாகச் சரிவு, விளிம்பில் ஒரு சின்ன வாய்க்கால். குளிக்கிற தண்ணீர் திரும்பக் கிணற்றுக்குள் கசியாமல் அந்த வாய்க்கால் வழியாக வாழைப்பாத்திக்குப் போகட்டும். கப்பிக் கயிறும் வாளியும் நிலத்தில் கிடக்கக் கூடாது. கிணற்றுக்கு மேல் வலை போட்டால் இலை குப்பை விழாது, தவளையும் விழாது.

வெள்ளம் வந்து கிணற்றுக்குள் இறங்கிவிட்டால் வேலை வேறு. 2018 மார்கழியில் கிளிநொச்சிப் பக்கம் வந்த வெள்ளத்துக்குப் பிறகு எத்தனையோ வீடுகளில், தண்ணீர் தெளிந்துவிட்டது என்று பார்த்துவிட்டுக் குடிக்கத் தொடங்கினார்கள். தெளிவுக்கும் சுத்தத்துக்கும் சம்பந்தமில்லை. ஒழுங்கு இப்படி:

1. சுற்றிலும் உள்ள நிலம் ஓரளவு வடியும்வரை இறைக்க வேண்டாம். நிலம் ஊறியிருக்கும்போது கிணற்றை அவசரமாக வற்ற இறைத்தால் வெளியே நிற்கும் தண்ணீரின் அழுத்தத்தில் கிணற்றுச் சுவர் உள்ளே இடிந்து விழலாம்.

2. மண்ணெண்ணெய் மோட்டரையோ பெற்றோல் மோட்டரையோ கிணற்றுக்குள் இறக்கி ஓட விடவே வேண்டாம். அதன் புகையில் இருக்கும் காபனோரொட்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. இறங்கியவரைத் தூக்க இறங்கியவரும் திரும்பி வராத சம்பவங்கள் இந்த நாட்டில் நடந்திருக்கின்றன. மோட்டர் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும்.

3. இறைத்த பிறகு சுவரைத் தேய்த்துக் கழுவி, அடியில் இருக்கும் சேற்றை அள்ளி, புதுத் தண்ணீர் ஊற விடுங்கள்.

4. அப்புறம் குளோரின். எவ்வளவு என்பதைக் கண் மட்டத்தில் போடாமல் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். அவர் முதலில் கேட்பது கிணற்றில் எத்தனை லீற்றர் தண்ணீர் இருக்கிறது என்றுதான். வட்டக் கிணற்றுக்கு ஒரு சுலபக் கணக்கு: விட்டத்தை விட்டத்தால் பெருக்கி, தண்ணீரின் ஆழத்தால் பெருக்கி, 22ஆல் பெருக்குங்கள். எல்லாம் அடிக் கணக்கில். விட்டம் 10 அடி, தண்ணீர் 8 அடி என்றால் 17,600 லீற்றர். இந்த எண்ணோடு போனால் வேலை ஐந்து நிமிடத்தில் முடியும்.

அவர் சரி சொல்லும்வரை கொதித்தாறிய தண்ணீர்தான். நன்றாகக் கொப்புளித்து ஒரு நிமிடம் கொதித்தால் கிருமிக்குப் போதும்.

ஆனால் கொதிக்க வைப்பது கிருமிக்கு மட்டும்தான் மருந்து. வவுனியா, செட்டிகுளம் பக்கத்தில் உள்ள பல கிணறுகளிலும் குழாய்க் கிணறுகளிலும் புளோரைட்டுக் கூடுதல். கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் இன்னும் கொஞ்சம் செறிவாகத்தான் ஆகும். இலங்கைத் தர அளவின்படி குடிதண்ணீரில் ஒரு லீற்றருக்கு 1 மில்லிகிராமுக்கு மேல் புளோரைட்டு இருக்கக் கூடாது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது புளோரைட்டு என்று பலர் நினைக்கிறார்கள். அது சுண்ணாம்புப் படிவு, தண்ணீர் கடினமானது என்பதற்கு மட்டும் அடையாளம். புளோரைட்டுக்கு அடையாளம் பிள்ளைகளின் நிலைத்த பற்களில் வரும் வெள்ளைத் திட்டு, கபிலக் கோடு. அது தெரிந்தால், தெரியாவிட்டாலும் அந்தப் பகுதியில் புதுக் கிணறு வெட்டினால், ஒரு போத்தல் தண்ணீரைத் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுத்துச் சோதியுங்கள். அளவு கூடிய தண்ணீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்கவே வேண்டாம். எட்டு வயதுக்குள்தான் பல்லுக்குப் பாதிப்பு அதிகம்.

அப்படிப்பட்ட இடத்தில் மழைத்தண்ணீரைவிட நல்ல தண்ணீர் கிடைப்பது கடினம். 550 சதுர அடிக் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்திச் சிதறியது போகவும் 4,000 லீற்றர் வரும். மாரியில் அந்த மழை இரண்டு மூன்று நாளிலேயே வந்துவிடும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லீற்றர் என்று வைத்தால் 5,000 லீற்றர் தாங்கி 200 நாளைக்குக் காணும். அதாவது தை முடிய மூடிய தாங்கி ஆவணிவரை தாங்கும். முதல் இரண்டு மழையையும் வெளியே விடுங்கள். கூரையில் இருக்கும் காக்கை எச்சமும் தூசியும் அதோடு போகட்டும். தாங்கியின் வாய்க்கு நுளம்பு போகாத நெருக்கமான வலை கட்டாயம். வலை இல்லாத தாங்கியில் குடிதண்ணீரோடு நுளம்பும் வளரும்.

புகை

வீட்டுத்திட்ட வீட்டில் குசினி இருக்கிறது. ஆனால் அங்கே காஸ் அடுப்பு காட்சிக்கு நிற்கும், சமையல் நடப்பது பின்னால் போட்ட கொட்டிலில். 2022இல் காஸ் கிடைக்காமல் போனபோது காட்சியும் போய்விட்டது. விறகை விடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. வன்னியில் விறகு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, காஸ் அப்படியில்லை. விறகோடு இருந்துகொண்டே புகையைக் குறைப்பதுதான் வழி.

முதலில் விறகு. ஆவணி, புரட்டாதிக்குள் மாரிக்குத் தேவையானதை வெட்டிப் பிளந்து காயவைத்து, நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்தில் பரண் போட்டு அடுக்கி மூடுங்கள். ஈர விறகுதான் புகைக்குப் பெரிய காரணம். நிலத்தோடு குவித்த விறகுக்குள் பாம்பும் தேளும் குடியிருக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பரண் வீட்டுச் சுவரோடு ஒட்டாமல் தள்ளி நிற்கட்டும்.

இரண்டாவது அடுப்பு. மூன்று கல் அடுப்பில் தீயின் பெரும் பகுதி பானைக்குப் போகாமல் பக்கத்தால் போய்விடுகிறது. அனகி என்று விற்கிற களிமண் அடுப்பு ஒரே வாயில் விறகு வைத்து இரண்டு பானைக்குத் தீ கொடுப்பது. முன்னால் சோறு, பின்னால் கறியோ வெந்நீரோ. அதை வாங்கி வெறுமனே வைத்தால் சில மாதத்தில் வெடித்துவிடும். சுற்றிவரக் களிமண்ணும் சாணமும் குழைத்து நான்கு விரற்கடை தடிப்புக்குப் பூசிக் காயவைத்தால் சூடும் நிற்கும், அடுப்பும் நிற்கும்.

மூன்றாவது, அடுப்பு மூட்டும் விதம். சொப்பிங் பையைச் சுருட்டிக் கொளுத்தி மூட்டுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. சட்டென்று பிடிக்கிறது, உண்மை. அந்தப் புகையை முதலில் மூச்சில் எடுப்பது அடுப்புக்கு முன் குனிந்திருக்கும் அம்மாவும் இடுப்பில் இருக்கும் குழந்தையும். பன்னாடை, ஊமல், சிரட்டை, பொச்சுமட்டை என்று நாலு விதமான இயற்கைக் கொள்ளி வளவிலேயே கிடக்க, பிளாஸ்ரிக்கைக் கொளுத்தத் தேவையில்லை.

நான்காவது காற்று. அடுப்புக்கு நேர் மேலே சுவர் முடியும் இடத்தில் ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் தாழ்வாக இன்னொன்று. தாழ்ந்ததால் காற்று உள்ளே வரும், உயர்ந்ததால் புகை வெளியே போகும். ஒன்று மட்டும் இருந்தால் புகை சுற்றிச் சுற்றி உள்ளேயே நிற்கும். கொட்டிலை வளவின் எந்த மூலையில் போடுவது என்பதையும் காற்றுத்தான் சொல்கிறது. வைகாசியிலிருந்து புரட்டாதிவரை எங்களுக்குத் தென்மேற்கிலிருந்து அடிக்கும். மார்கழி, தையில் வாடை வடகிழக்கிலிருந்து வரும். வடகிழக்கிலோ தென்மேற்கிலோ அடுப்பு இருந்தால் ஏதோ ஒரு பருவத்தில் புகை முழுக்க வீட்டுக்குள் வரும். தென்கிழக்கில் இருந்தால் இரண்டு காற்றும் வீட்டைத் தொடாமல் புகையைக் கொண்டுபோகும். பழைய ஆட்கள் அதை அக்கினி மூலை என்றார்கள். சாத்திரத்தில் எனக்குப் பெரிய பிடிப்பில்லை, இதில் மட்டும் அவர்களோடு வாதாட மாட்டேன்.

அம்மாவின் தொய்வு முழுக்கப் போகவில்லை. ஆனால் கொட்டிலை இடம் மாற்றிய பிறகு இரவில் எழுந்து உட்காருவது நன்றாகக் குறைந்தது.

நுளம்புத்திரியும் புகைதான். ஒரு திரி எரிந்து முடிய வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிவதற்குச் சமம் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. பூட்டிய அறையில் பிள்ளையைப் படுக்கவைத்துக் கட்டிலுக்குக் கீழ் திரி கொளுத்துவதை இனியாவது விடுவோம். வேப்பிலைப் புகை இயற்கையானது என்பார்கள். நெஞ்சுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

நெல்லும் மருந்தும்

காலபோக நெல் வெட்டி முடிய வீட்டு மண்டபம் களஞ்சியமாகிவிடுகிறது. விலை ஏறும்வரை வைத்திருப்பது நியாயம்தான், ஆனால் மூட்டையை யன்னலை மறைத்து அடுக்க வேண்டாம். நெல் தூசியும் பூஞ்சணமும் மூச்சுக்குக் கெடுதல், மறைத்த யன்னலால் அது இரட்டிப்பு. மரச்சட்டத்துக்கு மேல், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அடுக்கினால் பின்னால் கூட்டலாம், எலி கூடு கட்டுவதும் தெரியும். எலி வந்தால் அதன் சிறுநீர் வரும், அதோடு எலிக்காய்ச்சலும் வரலாம். வயலில் இறங்கும் காலத்தில் வாரம் ஒருமுறை எடுக்கிற தடுப்பு மாத்திரையைப் பற்றிச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். காலில் காயத்தோடு இறங்குபவர்கள் கட்டாயம் கேளுங்கள்.

பயிருக்கு அடிக்கிற கிருமிநாசினி வீட்டுக்குள் வேண்டாம். கட்டிலுக்குக் கீழும் வேண்டாம், குசினி அலுமாரிக்கு மேலும் வேண்டாம். வெளியே ஒரு பெட்டி, ஒரு பூட்டு, திறப்பு ஒரு பொறுப்பான ஆளிடம். இது பிள்ளைகளுக்காக மட்டுமில்லை. மனம் நொந்த ஒரு நொடியில் கைக்கு எட்டாமல் இருப்பதே ஓர் உயிரைக் காப்பாற்றும். மருந்து முடிந்த வெறும் போத்தலில் மண்ணெண்ணெயோ தண்ணீரோ ஊற்றி வைக்க வேண்டாம், துளைத்து ஒதுக்கிவிடுங்கள். மருந்தடித்த உடுப்பை வேறாகத் தோயுங்கள்.

கூரை

சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிய நாட்களில் சூரியன் வன்னிக்கு நேர் மேலே நிற்கிறது. நண்பகலில் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே விழும். அதனால் அந்த மாதச் சூட்டைச் சுவர் அல்ல, கூரைதான் வாங்குகிறது. தகரக் கூரைக்கு வெள்ளைக் கூரைப் பெயின்ற் பூசுவது மலிவான வழி. கூரைக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற இடைவெளியை அடைக்காமல் வலை மட்டும் அடித்துவிட்டால் சூடு வெளியேறும், வௌவால் வராது. மேற்குப் பக்கத்தில் வேம்போ பூவரசோ நின்றால் பின்னேர வெயில் சுவரில் விழாது. கிளை கூரையைத் தொடாமல் வெட்டி விடுங்கள், அது எலிக்கும் பாம்புக்கும் பாலம்.

அஸ்பெஸ்டஸ் சீற் போட்டவர்கள் பதற வேண்டாம். முழுதாக, உடையாமல் இருக்கும் சீற்றை அப்படியே விடுவதுதான் நல்லது. ஆபத்து அதன் தூசியை மூச்சில் எடுப்பதில்தான். கிரைண்டரால் வெட்டுவது, துளைபோடுவது, பாசியைக் காய்ந்த தும்புத்தடியால் தேய்ப்பது எல்லாம் வேண்டாம். மாற்றத்தான் வேண்டும் என்றால் நனைத்து, உடைக்காமல் இறக்குங்கள். உடைந்த துண்டைப் படலையடியில் சேற்றுக்குப் போட்டு மிதிப்பதைப் பார்க்கிறேன். அது காய்ந்து பொடியாகி வீட்டுக்குள்தான் வரும்.

நுளம்பும் குப்பையும்

2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா இல்லாத நாடு என்று அறிவித்தது. அதே ஆண்டின் முடிவில் மன்னாரில் இந்த நாட்டுக்குப் புதிதான ஒரு வகை மலேரியா நுளம்பு கண்டுபிடிக்கப்பட்டது, அதுவும் கிணறுகளில். அதனால் பாவிக்காத கிணறு இருந்தால் மூடுங்கள், அல்லது கப்பி மீன் விடுங்கள். நாலைந்து மீன் போதும், மீதியை அவை பார்த்துக்கொள்ளும்.

டெங்கு நுளம்புக்கு ஒரு சிரட்டைத் தண்ணீர் போதும். முட்டை நுளம்பாக ஒரு வாரம் முதல் பத்து நாள் எடுக்கும். அதனால் ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் போதும்: இளநிக் கோம்பை, ரயர், பீலி, குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, கோழிக்கு வைத்த சட்டி. குளியலறைத் தொட்டியின் தண்ணீரை ஊற்றினால் மட்டும் காணாது. முட்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தும்பால் தேய்க்க வேண்டும்.

குப்பையில் இலை தழை மக்கிப் பசளையாகட்டும், பிளாஸ்ரிக்கைப் பிரித்து வையுங்கள், எரிக்க வேண்டாம். எங்கள் மண்ணில் எரிப்பதற்கு இன்னொரு பயமும் உண்டு. வெட்டாத பற்றைக் காணியில் குப்பைக்குத் தீ வைத்து, கீழே கிடந்த போர்க்கால வெடிபொருள் வெடித்த கதை இங்கே புதிதில்லை. கிடங்கு வெட்டும்போது இரும்பு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் மண்வெட்டியை அங்கேயே விட்டுவிட்டு வந்த வழியே திரும்புங்கள். தொட வேண்டாம், தூக்கிப் பார்க்க வேண்டாம். பொலிசின் 119க்கு அறிவியுங்கள்.

படுக்கை

கடைசியாக வைத்தாலும் இதற்குத்தான் செலவு மிகக் குறைவு. கோடையில் வெக்கை தாங்காமல் விறாந்தையில் பாய் போட்டுப் படுப்பது எங்களுக்குச் சுகம். கட்டுவிரியனுக்கும் அந்த நேரம்தான் உலாவும் நேரம். அது கடித்தால் பெரும்பாலும் வலியும் இருக்காது, வீக்கமும் இருக்காது. தூக்கத்தில் எறும்பு கடித்தது என்று திரும்பிப் படுத்துவிடுவார்கள். விடியப்புறம் காரணமில்லாமல் வயிற்றுவலி, அப்புறம் கண்ணிமை தூக்க முடியாமல் விழும். நிலத்தில் படுத்தவருக்கு இந்த இரண்டும் வந்தால் கடித்த அடையாளம் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், பாம்புக்கடி என்றே எடுத்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கட்டில் இருந்தால் கட்டிலில் படுங்கள். இல்லாவிட்டால் நிலத்தில்தான், ஆனால் நுளம்பு வலைக்குள், வலையின் விளிம்பைப் பாய்க்குக் கீழே நாலு பக்கமும் நன்றாகச் செருகி. ஒரே வலை நுளம்பையும் தடுக்கும், பாம்பையும் தடுக்கும். தலைமாட்டில் ஒரு ரோர்ச், மலசலகூடம் போகும் வழியில் ஒரு சின்னச் சூரிய விளக்கு. புடையன் பாம்பு புல்லுக்குள் அசையாமல் கிடக்கும், மிதித்தால் கடிக்கும்.

கடித்துவிட்டால் கயிறு கட்டுவதும் கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். மந்திரித்துப் பார்வை பார்க்கிற வைத்தியரிடம் போய்ப் பிறகு ஆஸ்பத்திரி என்றால் நேரம் போய்விடும். கடித்த காலையோ கையையோ அசையாமல் வைத்து நேரே ஆஸ்பத்திரி. 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும். எங்கள் வீட்டில் அந்த இலக்கத்தைக் கதவுக்குப் பின்னால் கரிக்கட்டியால் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், அதற்குக் கீழே சுகாதாரப் பரிசோதகரின் இலக்கம். போன கிழமை வெள்ளையடிக்க வந்த பொடியன் அழிக்கப் பார்த்தான். "அந்தச் சதுரத்தை மட்டும் விடடா தம்பி" என்று அம்மா உள்ளேயிருந்து சத்தம் போட்டார்.